பஸ் நிலையக் கிளாரினெட்

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன மெட்டு போடுவார்கள். கிளாரினெட்டில் வாசித்தது. ஏறும், ஒரு வளைவு வளையும், இறங்கி நின்றுவிடும். பிறகு ஒரு பெண் குரல், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தூங்கி எழுந்த கையோடு சொல்வது மாதிரிச் சொல்லும். ஊரில் அந்த மெட்டு தெரியாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குக் கெட்ட வார்த்தை போட்டுப் பாடுவார்கள். குளிக்கும்போது முனகாத ஆம்பளை உண்டா என்று தெரியவில்லை. ஆனால் வாசித்தவர் யார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்குத் தெரியும். என் கடைக்கு மேல் மாடியில்தான் அவர் குடியிருந்தார்.

என் கடை ஜெராக்ஸ் கடை. மழைக்காலம் வந்தால் எனக்குச் சனி பிடித்துவிடும். தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். மெஷின் இரண்டிரண்டாக வாங்கித் தொண்டையில் சிக்க வைத்துக்கொள்ளும். கட்டைப் பிரித்து, விசிறி, விளக்கடியில் சூடு காட்டி அடுக்குவதற்குள் வாசலில் நிற்கிறவர்கள் என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் மனசுக்குள் திட்டி முடித்திருப்பார்கள். திட்டட்டும். இந்தத் தெருவில் வேறு கடை இல்லை, என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

மாடியில் இருப்பவள் டெய்லர் அக்கா. சட்டை, பாவாடை எதுவும் தைக்க மாட்டாள். திரைச்சீலை மட்டும்தான். ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவள் தைத்ததுதான் தொங்குகிறது. மாடியில் மெஷின் ஓடினால் என் கடைக் கூரை லேசாக அதிரும். அது நின்றால்தான் எனக்கு என்னவோ போல் இருக்கும். விளிம்பு மடித்துத் தைத்த துணிகளைக் கீழே தூக்கி வந்து, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொக்கி மாட்டுவாள். மாடியில் வெளிச்சம் போதாது என்பாள். போதாதுதான், காரணம் சொல்கிறேன்.

அவள் புருஷன் கிளாரினெட் வாசிப்பவர். பேண்டு குழுவில் இருந்தார், நாடகங்களுக்கு வாசித்தார், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். பஸ் நிலையம் புதிதாகக் கட்டியபோது அறிவிப்புக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். போனார், வாசித்தார், வந்தார். வந்ததிலிருந்து ஒரே புலம்பல். கடைசி ஸ்வரம் சுருதியிலிருந்து கொஞ்சம் இறங்கிவிட்டதாம், இன்னொரு தடவை வாசிக்க விடச் சொன்னாராம், நன்றாகத்தானே இருக்கிறது போய்யா என்று அனுப்பிவிட்டார்களாம். நாலு நாள் புலம்பினால் மறந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். எங்கே மறக்க? விடிந்ததிலிருந்து கடைசி வண்டி வரைக்கும் ஊரே கேட்கும்படி அது ஓடிக்கொண்டிருந்ததே.

பஸ் நிலையம் வழியாகப் போவதை விட்டார். ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மெட்டு எங்கள் தெரு வரைக்கும் வரும். அப்போது எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தினாலும் கேட்கிறது என்றார். அக்கா இரண்டு அடுக்குத் துணி வைத்து, நடுவில் கம்பளி கொடுத்து, ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை தைத்துப் போட்டாள். அதிலிருந்துதான் அந்த வீடு பகலிலும் இருட்டு. எனக்கும் அக்காவுக்கும் அந்த மெட்டில் ஒரு பிசகும் தெரிந்ததில்லை. அப்படிச் சொன்னால் அவருக்கு இன்னும் கோபம் வரும். தேற்றுவதற்குச் சொல்கிறோம் என்று நினைப்பார்.

ஒருநாள் காலையில் கிளாரினெட் வாயில் பொருத்துகிற ரீட் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். என் கடையைத் தாண்டித்தான் போனார். கையில் குடை. மழை இல்லை, மேகம்கூட இல்லை. என்னத்துக்குக் குடை என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் மெஷினில் தாள் சிக்கிவிட்டது. அவ்வளவுதான். மனுஷன் திரும்பி வரவே இல்லை. கிளாரினெட் வீட்டிலேயே இருந்தது, கட்டிலில், பெட்டி திறந்தபடி.

அக்கா தேடாத இடம் இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனாள், பிணவறையில் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். வாசிக்கிற கூட்டத்தை எல்லாம் விசாரித்தாள். ஒரு துப்பும் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. அக்கா வீட்டை மாற்றவில்லை, பூட்டை மாற்றவில்லை, அந்த இருட்டுத் திரையையும் கழற்றவில்லை. வந்தால் அவருக்குக் காது வலிக்கக் கூடாது என்பாள். சாவி ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தாள். "நான் துணி குடுக்கப் போன நேரம் வந்தாருன்னா வாசல்ல நிக்க வேணாம்" என்றாள். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் அந்தச் சாவி தொங்குகிறது. தூசு தட்டும்போதெல்லாம் அதையும் தட்டுவேன், வேறென்ன செய்ய.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கா துணி மூட்டையோடு பஸ் நிலையம் போகும்போது ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே போய் நின்றாள். ஏன் அக்கா இங்கே நிற்கிறாய், காது கிழியுதே என்றேன். உஸ் என்றாள். மெட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் நான் கவனித்ததே இல்லை. வாசிப்பதற்கு முன் அவர் இழுத்த மூச்சு, அதையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். கனத்த ஆள் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. அக்கா அந்த மூச்சைக் கேட்டாள், மூட்டையை எடுத்துத் தலையில் வைத்தாள், நடந்தாள். ஒவ்வொரு தடவையும் இதேதானாம்.

அக்காவுக்கு ஒரே மகன். தண்ணீர்க் குழாய் அலுவலகத்தில் புகார் வாங்குகிற வேலை. அது வயிற்றுக்கு. அவனுடைய உயிர் இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்தில் இருந்தது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி ஆளாளுக்கு எழுதி வைக்கிறார்களே, அதுதான். இவன் எழுதுவதைவிட வெட்டுவது அதிகம். யாராவது தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டால் வெட்டுவான். சான்று இல்லாமல் ஒரு வரி சேர்த்தால் வெட்டுவான். நான் அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தேன். கோபித்துக்கொள்ள மாட்டான், பெருமைதான். மாடியில் நெட் வராது என்பதால் ஆபீஸ் முடிந்ததும் என் கடையின் மூலைக் கம்ப்யூட்டரில் வந்து உட்காருவான். நான் டீ போட்டுக் கொடுப்பேன். ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே உலகத்தை ஒழுங்குபண்ணுவான்.

இப்படி இருக்கும்போது பஸ் பைத்தியம் வந்து சேர்ந்தார். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிற நடுவயசு மனுஷர். ஊர் ஊராகப் போய் பஸ் நிலையங்களின் சத்தங்களைப் பதிவு செய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஹார்ன், கண்டக்டர் விசில், அறிவிப்பு, ஒன்று விடமாட்டார். எங்கள் ஊர் மெட்டை வாசித்தது யார் என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து அக்காவிடம் வந்தார். களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன், போட்டோ வேண்டும் என்றார். அக்கா பெட்டிக்கடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேமராக்காரன் மேல் கோபமாக உட்கார்ந்திருப்பார். நான்தான் ஸ்கேன் செய்தேன். கண்ணாடித் தட்டில் குப்புறப் போட்டு மூடியை மூடினபோது மனசு ஒரு மாதிரிதான் இருந்தது.

கத்திரிக்கு இதில் இஷ்டம் இல்லை. அப்பாமேல் அவனுக்கு ஆறாத கோபம் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல மாட்டான், விதியைச் சொல்வான். குடும்பத்து ஆட்கள் அந்தக் கட்டுரையைத் தொடக் கூடாது, அதைப் பற்றி யாராவது முடிவெடுக்கும்போது வாய் திறக்கக் கூடாது, நான் ஒதுங்கிவிட்டேன் என்றான். ஒதுங்கினவன் தினம் அதைத் திறந்து பார்ப்பதை நான் பார்க்காமலா இருந்தேன்.

கட்டுரை வந்த அன்று அக்காவை உட்கார வைத்து அவன்தான் வாசித்துக் காட்டினான். கிளாரினெட் கலைஞர் ஆவார் என்று இருந்தது. ஆவார்னா என்ன அர்த்தம், இருக்கார்னா என்று அக்கா கேட்டாள். இறந்ததற்குச் சான்று இல்லாதவரை உயிரோடு இருப்பவராகத்தான் எழுத வேண்டும், அது விதி என்று அவன் சொன்னான். அக்காவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப் போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில்கூட அவளிடம் இப்படி யாரும் சொன்னதில்லை.

கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் கட்டுரையின் தலையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். இந்த ஆள் களஞ்சியத்தில் இருக்கும் அளவுக்குக் குறிப்பிடத்தக்கவர் அல்ல, நீக்குவதா வைத்திருப்பதா என்று எல்லாரும் கருத்துச் சொல்லலாம், ஒரு வாரம் தவணை. குறிப்பிடத்தக்கமை என்று அதற்கு ஒரு வார்த்தை வேறு வைத்திருக்கிறார்கள். வாயில் நுழைவதற்குள் ஒரு வாய் டீ ஆறிவிடும். அதாவது, சம்பந்தமில்லாத ஆட்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். இவருக்கு இருந்தது பேருந்துக் கழகம் போட்ட மலரில் ஒரே ஒரு வரி. ஊரே அவர் மெட்டை முனகுகிறதே என்றேன். முனகுவது சான்று ஆகாது சித்தி என்றான் கத்திரி.

அக்கா பயந்துவிட்டாள். அப்போதுதான் அவள் மனசில் இருந்தது எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புகழும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

"அவருக்குத் தன் பேரு எங்கயாவது வந்திருக்கான்னு பாக்காம இருக்க முடியாது" என்றாள் மகனிடம். "பேப்பர்ல ஒரு மூலையில பேண்டு பேரு வந்தாக்கூட மொதல்ல அதத்தான் தேடுவாரு. எங்க இருந்தாலும் ஒருநாள் தேடுவாரு. தேடினா நாம அங்க இருக்கணும்."

"அம்மா, அது காணாமப் போனவங்க விளம்பரம் இல்லம்மா."

"எனக்கு அது வேற என்னவாம்?"

அவள் கொக்கி மாட்டத் தொடங்கினாள்.

அந்த வாரம் முழுக்க மழை. கூரையிலிருந்து வாளியில் சொட்டும் சத்தத்துக்கு நடுவே அவன் ஒவ்வொரு கருத்தாக வாசிப்பான். முகம் தெரியாத ஆட்கள், வேறு வேறு ஊர்க்காரர்கள். ஒருவர், ஒரே நிகழ்வால் அறியப்படுபவர், தனிக்கட்டுரை தேவையில்லை என்றார். இன்னொருவர், பஸ் நிலையக் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம் என்றார். பஸ் பைத்தியம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார், அவ்வளவு சண்டை போட்டதே அவருக்கு எதிராகப் போயிற்று. இன்னொருவர் எழுதியிருந்ததைக் கத்திரி ராகம் போடாமல் வாசித்தான். "தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நீக்கு."

அக்கா வாயிலிருந்து ஊசியை எடுத்தாள். "நானுந்தான் தேடினேன். எனக்கும் அகப்படல."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரித்தால் பாவம் என்றும் இருந்தது. உள்ளே போய்ச் சும்மா தாளை விசிறிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மதியம்தான் அது நடந்தது. அவனுக்கு லீவு. மூலையில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டே வழக்கமான வேலையைப் பார்த்தான். பெயர் பதியாத ஆட்கள் எங்கெங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். மாற்றின வரி மட்டும் கண்ணில் படும், பழசு சிவப்பில், புதுசு பச்சையில். சான்று இல்லை என்றால் ஒரு பொத்தான். வரி பழையபடி ஆகிவிடும், மாற்றினவருக்குக் காரணம் போய்ச் சேரும். தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டான். ஈ ஓட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டே போவான்.

அடித்துக்கொண்டே போனவன் கை நின்றது. முட்டைத் தோலைக் கீபோர்டில் வைத்துவிட்டான், நான் திட்ட வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"அம்மா" என்றான், பெஞ்சில் இருந்த அக்காவைப் பார்க்காமலே. "அந்த மெட்ட எங்க வச்சுப் பதிவு பண்ணினாங்க?"

"லக்கேஜ் ரூம்ல" என்றாள் அக்கா. "ரெக்கார்டிங் பண்ற ரூமு சாவி அன்னிக்குக் கெடைக்கல. எதிரொலி அடிக்குதுன்னு நம்ம வீட்டுப் போர்வைய எல்லாம் தூக்கிட்டுப் போயி சுவத்துல தொங்கவிட்டாரே. திரும்பி வந்தப்போ ஒரே மண்ணெண்ணெய் நாத்தம், நான் ரெண்டு தடவ தொவைச்சேன். ஏன்?"

மலரில் பேருந்துக் கழகத்தின் ஒலிப்பதிவுக் கூடம் என்று இருந்தது. பஸ் பைத்தியம் அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். பெயர் பதியாத யாரோ வந்து அதை அடித்துவிட்டு, பொதி அறையில், சுவர் முழுக்கப் போர்வை தொங்கவிட்டு என்று மாற்றியிருந்தார்கள். கத்திரி அதை வெட்டிவிட்டான். சான்று இல்லை என்று காரணமும் போட்டுவிட்டான். அந்தக் காரணம் அந்த ஆளுக்குப் போயும் சேர்ந்துவிட்டது.

எனக்கு என் கடையிலேயே நிற்கப் பயமாக இருந்தது. யாரோ பக்கத்தில் நின்று, எங்கள் மூன்று பேரையும் தாண்டி அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கிற மாதிரி ஓர் எண்ணம். ஒலிப்பதிவு செய்த ஆள் செத்துப் போய்விட்டார், அவருடைய இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அதையும் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள் யாராவது பார்த்திருக்கலாம் என்றான் கத்திரி. குரலில் தெம்பில்லை. மூட்டை தூக்குகிறவர் எதற்காக இந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவனே கேட்டுக்கொண்டிருப்பான்.

"திரும்பப் போடு" என்றாள் அக்கா.

"நான் போடக் கூடாதும்மா. நான் மகன்."

"வெட்டும்போது மகன் இல்லையா?"

அவன் இத்தனை வருஷத்தில் விதி மீறியது அன்றைக்குத்தான். போர்வை வரியைத் திரும்பப் போட்டான். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஊர்க்காரர் வந்து சான்று எங்கே என்று கேட்டு வெட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன, அந்த விதியை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இவன்தானாம்.

மாற்றம் செய்தவருக்குச் செய்தி எழுத அதில் ஒரு பக்கம் உண்டு. பெயர் இல்லாவிட்டாலும் ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பருக்கு. அக்கா சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். என்னென்னவோ சொல்வாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்துச் சண்டை எவ்வளவு இருக்கும்.

"வீடு மாறலன்னு எழுது. கீழ்க்கடையில சாவி இருக்குன்னு எழுது. போதும்."

அவன் எழுதினான். கீழே பெயர் போட வேண்டுமா என்று கேட்டதற்கு, எதுக்கு, தெரியும் என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. ஆணியில் கிடந்த சாவியை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். வாசலில் யார் குடையை மடக்கினாலும் கை வேலையைப் போட்டுவிடுவேன். நிமிர்ந்து பார்த்தால் அடையாள அட்டைக்கு நகல் கேட்டு யாராவது நிற்பார்கள். அக்கா போர்வைகளை எல்லாம் எடுத்துத் துவைத்தாள். அடை மழையில் என்னத்தைக் காய்வது, மாடிப்படிக் கைப்பிடியில் கிடந்து வாடை அடித்தது. மண்ணெண்ணெய் வாடை மாதிரியே இருக்கிறது இல்லை என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஈர வாடைதான் வந்தது. ஆமாம் அக்கா என்றேன். மேலே ஒரு கிண்ணம் கூடுதலாகக் கழுவிக் கவிழ்த்திருந்ததையும் பார்த்தேன். கத்திரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்த மூலையிலேயே கிடந்தான். யாரையும் வெட்டவில்லை. திரும்பத் திரும்ப அந்த நம்பரின் பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

தவணை முடிகிற அன்று மத்தியானம் மழை விட்டிருந்தது. நான் டோனர் மாற்றிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கரி. சித்தி என்று அவன் கூப்பிட்ட தோரணையில் அக்கா மாடியிலிருந்து மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

கருத்துகளின் கடைசியில் புதிதாக ஒன்று இருந்தது. பெயர் இல்லை. அதே நம்பர்.

அவன் வாசித்தான். "நீக்கிவிடலாம். ஒரே ஒரு மெட்டு வாசித்த ஆள். அதிலும் கடைசி ஸ்வரம் இறங்கிவிட்டது, திரும்ப வாசிக்க விடவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு எதுவும் இல்லை."

மூட்டை தூக்குகிறவர் என்று அவன் இப்போது சொல்லவில்லை. இறங்கின ஸ்வரம் அந்த வீட்டையும் என்னையும் தவிர வேறு எவனுக்கும் தெரியாது. செத்துப் போனவர் வந்து பேசியிருந்தால்கூட நான் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். உயிரோடு இருக்கிறவர் பேசியிருந்தார்.

அக்கா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். நம்ம எழுதினதைப் பார்த்த பிறகா முன்னாடியா என்று கேட்டாள். பார்த்த பிறகுதான், செய்தி வந்திருக்கிறது என்று திரையின் உச்சியிலேயே காட்டும், அதைத் தாண்டி எழுத முடியாது என்றான். பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"உசுரோட இருக்காரு" என்றாள் அக்கா. சந்தோஷமா துக்கமா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு மகனைப் பார்த்தாள். "குடும்பத்து ஆளுங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னியே. இவரு மட்டும் சொல்லலாமா?"

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அப்பா போன அன்றைக்குக்கூட அழாத பிள்ளை. நான் வெட்டாம விட்டிருந்தா வந்திருப்பாரு என்றான். அக்கா அவன் தலையில் கை வைத்தாள். "நீ வெட்டினதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகலடா. நீ வெட்டறதுக்கு முன்னாடியே போயிட்டாரு" என்றாள். அதற்கு மேல் ஒரு தாய் வேறென்ன சொல்ல முடியும்.

சாயங்காலம் முடிவு வந்தது. நீக்கப்பட்டது. பஸ் பைத்தியம் போன் செய்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார், பாவம், அவர் என்ன செய்தார். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இப்போது இந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று வருகிறது. போட்டோவும் போய்விட்டது. எந்தக் கட்டுரையிலும் இல்லாத போட்டோவை வைத்திருக்க மாட்டார்களாம்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. அக்கா என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏறி, அந்தக் கனத்த திரைகளை ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். விழுந்த திரையை என்னால் தூக்கவே முடியவில்லை, அத்தனை வருஷத்துத் தூசு. ஜன்னல் கதவு உப்பிப்போய்த் திறக்க மாட்டேன் என்றது. கத்திரி வந்து தோளால் இடித்துத் திறந்தான். வெளிச்சத்தில் அந்த அறையை நான் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். அலமாரி மேல் கிளாரினெட் பெட்டி இருந்தது. சாவியைக் கொடுத்துவிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். இருக்கட்டும், நான் மறந்து வெச்சுட்டுப் போனா வேணும் என்றாள்.

அப்போது காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பஸ் நிலையத்திலிருந்து அந்த மெட்டு வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததால் முன்னால் இழுக்கிற மூச்சு கேட்கவில்லை. மெட்டு மட்டும் ஏறியது, வளைந்தது, இறங்கி நின்றது. பிறகு அந்தப் பெண் குரல், என்ன சொல்கிறாள் என்று புரியாமல்.

அக்கா ஸ்டூல் மேலேயே நின்றிருந்தாள், கையில் கழற்றின கொக்கிகளோடு. அடுத்த அறிவிப்பு வருகிறவரை நின்றாள். இன்னொரு தடவை கேட்டாள்.

"எத்தன வருஷமா அந்த மூச்ச மட்டுந்தான் கேட்டுட்டு இருந்திருக்கேன்" என்றாள். "அது வந்ததும் கெளம்பிடுவேன். கடைசி வரைக்கும் நின்னு கவனிச்சுக் கேட்டதே இல்ல."

கத்திரியும் நானும் அவளைப் பார்த்தோம்.

"ஆமா" என்றாள். "கொஞ்சம் எறங்கித்தான் இருக்கு."

ஸ்டூலிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் துணி சாயங்காலத்துக்குள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.